இல்லாத நோய்களைச் சொன்ன பத்மா அக்கா

இன்சூரன்ஸ் எடுக்க நம்மிடம் வருகிறவர்கள் நோயைக் குறைத்துத்தான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே இது உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். சர்க்கரை இருந்தால் "கொஞ்சம் பார்டர்ல இருக்கு" என்பார்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தால் "சும்மா ஒரு செக்கப்புக்குப் போனோம்" என்பார்கள். அதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப்போவது வேறு. தனக்கு இல்லாத நோயெல்லாம் இருக்கிறது என்று என் எதிரே உட்கார்ந்து அடுக்கிய ஒருவரைப் பற்றி. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அப்படி ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன்.

அவர் பெயர் பத்மா. மலேசியாவில் ஈப்போ நகரத்துக்காரர். அங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் மாரிமுத்து, பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வயது எழுபது. இருவருக்கும் ஒரே மகள் கவிதா. கவிதா படிக்கிற காலத்தில் நம் மைசூர்ப் பையன் ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே வந்துவிட்டாள். குவெம்புநகரில் வீடு. அப்பா அம்மாவை நிரந்தரமாக இங்கே அழைத்துவந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆசை.

அப்போது நம் ஆபீஸ் சரஸ்வதிபுரத்தில் மாடியில் இருந்தது. நாம் ஒரே கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை, பல கம்பெனிகளின் பாலிசியையும் பார்த்துப் பொருத்தமானதைச் சொல்கிறவர்கள் என்று யாரோ சொல்லிக் கவிதா வந்தாள். முதலில் அவள் மட்டும் வந்தாள்.

"ஆன்ட்டி, இவங்க ரெண்டு பேரும் வேற நாட்டுப் பாஸ்போர்ட். இந்த வயசுல இங்க வந்து செட்டில் ஆகப்போறாங்க. இன்சூரன்ஸ் கிடைக்குமா? அங்கன்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒண்ணும் செலவில்ல. இங்க வந்தப்புறம் ஏதாவது ஆச்சுன்னா?"

சரியான கேள்வி. பிள்ளைகள் பெரும்பாலும் டிக்கெட் எடுத்த பிறகுதான் இதைக் கேட்பார்கள். பெற்றோருக்கு இந்திய வம்சாவளி அட்டை இருந்தது, அதனால் இங்கே வாழ்வதில் சிக்கல் இல்லை. இங்கே முகவரி வைத்து வாழ்கிறவர் என்றால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரரையும் சில கம்பெனிகள் எடுத்துக்கொள்ளும். நான் விசாரித்தேன். மாரிமுத்துவுக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்ததால் முதலில் கேட்ட கம்பெனிகள் தயங்கின. ஒன்று மட்டும் சம்மதித்தது. இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் முதல் சில வருடங்கள் பணம் வராது, மற்றதெல்லாம் உண்டு என்றார்கள். எழுபது வயதில், அவருடைய உடம்புக்கு, அது நல்ல பதில்தான். பத்மாவுக்கு ரத்த அழுத்தம்கூடக் கிடையாது, அவர் விஷயத்தில் கவலையே இல்லை என்று கவிதா சொல்லியிருந்தாள்.

அவர்கள் விடுமுறைக்கு மைசூர் வந்தபோது மூன்று பேருமாக ஆபீசுக்கு வந்தார்கள். அவசரமாகத்தான் வந்தார்கள். ஈப்போவில் வீட்டை வாங்க ஆள் தயாராக இருந்தார். இங்கே இன்சூரன்ஸ் உறுதி என்று தெரிந்தால் மாரிமுத்து போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

படி ஏறி வரும்போதே நான் பார்ப்பது வழக்கம். மாரிமுத்து நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பத்மா கையில் ஒரு பெரிய பையோடு, மகளோடு பேசிக்கொண்டே ஏறி வந்துவிட்டார். உட்கார்ந்ததும் காபி வந்தது. கணவரின் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இனிப்பு ஜாஸ்தி, உங்களுக்கு வேணாம்," என்று தன் பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டு, இரண்டு டம்ளரையும் அவரே குடித்தார்.

என்னுடைய முதல் மேலதிகாரி ஒரு பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். கணவன் மனைவி சேர்ந்து வந்தால் உடல்நிலைக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவரை வெளியே காத்திருக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் துணை இருந்தால் ஆண்கள் பயத்தை மறைப்பார்கள், பெண்கள் வலியை மறைப்பார்கள் என்பார் அவர். ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் செய்துவந்தேன். பலருக்கு அது பிடிக்காது. பரவாயில்லை, நீங்களும் செய்யுங்கள்.

முதலில் மாரிமுத்துவிடம் தனியாகப் பேசினேன். எதையும் மறைக்கவில்லை. ஸ்டென்ட், கொலஸ்ட்ரால், முட்டி வலி எல்லாம் சொன்னார். "எழுதிக்குங்க மேடம். பொய் சொல்லி வாங்குற பாலிசி எனக்கு வேணாம்லா," என்றார், மலேசியத் தமிழின் 'லா'வோடு. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பத்மாவை உட்காரவைத்தேன்.

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா, அக்கா?"

"நெறைய இருக்கு தங்கச்சி," என்றார். சொல்லத் தொடங்கினார். சர்க்கரை. ஆஸ்துமா. சிறுநீரகத்தில் கல் இரண்டு தடவை வந்தது. முதுகுத்தண்டில் தேய்மானம். சின்ன வயதில் வலிப்பு வந்ததுண்டு, இப்போதும் எப்போதாவது தலை சுற்றும். குடும்பத்தில் புற்றுநோய்.

ஒவ்வொன்றுக்கும் சரியான பெயர், சரியான மருந்து. எந்த வருடம், எந்த வார்டு என்றுகூடச் சொன்னார். பரீட்சையில் படித்ததை ஒப்பிக்கிற மாதிரி, தடங்கலே இல்லாமல் வந்தது. உண்மையான நோயாளி அப்படிச் சொல்லமாட்டார். ஒரு வலியைச் சொல்லும்போது கை அந்த இடத்துக்குப் போகும். "அதை ஏன் கேக்கறீங்க" என்று ஒரு பெருமூச்சு வரும். தேதி குழம்பும். இவரிடம் அது எதுவும் இல்லை.

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"மாத்திரையெல்லாம் கொண்டுவந்திருக்கீங்களா? பேரைச் சரியா எழுதணும்."

பையைத் திறந்தார். காலை, மதியம், இரவு என்று பிரித்துவைத்த டப்பா ஒன்று எடுத்தார். அத்தனையும் கணவருடையது.

"இது சாரோடது. உங்களோடது?"

அவர் டப்பாவை மூடினார். திரும்பத் திறந்தார். மறுபடி மூடினார்.

"அக்கா, ரெண்டு டம்ளர் காபி சக்கரையோட குடிச்சீங்க. இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்தீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, சரிதானே?"

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"கம்பெனி வேணாம்னு சொல்லிட்டா நல்லா இருக்கும் தங்கச்சி. யார் மேலயும் தப்பு இல்லாமப் போயிரும்."

அவருக்கு மைசூர் வர விருப்பம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஈப்போவில் அவர் கார் ஓட்டுகிறவர். காலையில் பசாருக்குப் போய் மீன் வாங்குவார். அந்த வட்டாரத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் 'மிஸ்ஸி'யைத்தான் கூப்பிடுவார்கள். நர்ஸை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். இங்கே மகள் வீட்டில் அவருக்கென்று ஒரு அறை தயாராக இருந்தது. அதில் குளிரூட்டி, டிவி எல்லாம் இருந்தன. "அந்த ரூமைப் பார்த்ததுமே திரும்பி ஊருக்குப் போயிடலாம்னு இருக்கு. நான் எல்லாரையும் பார்த்துக்கிட்டவ. இங்க வந்தா என்னை ஒக்கார வெச்சுப் பார்த்துக்குவாங்க. அம்மா நீ ரோடு தாண்டாதே, அம்மா நீ சமையல்கட்டுக்கு வராதேன்னு."

"சார்கிட்டச் சொன்னீங்களா?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவர்கிட்ட எதையும் வேணாம்னு சொன்னதில்ல. மக பேரைச் சொன்னாலே அவரு கண்ணு கலங்குது. நான் எப்படிச் சொல்லுவேன்? அதான் ஒன் வாயால சொல்ல வெக்கலாம்னு பார்த்தேன்."

இங்கேதான் நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வெளியே கணவரும் மகளும் காத்திருக்கிறார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால் கம்பெனி மறுத்துவிடும், அவர் நினைத்தது நடக்கும். எனக்கும் சிக்கல் இல்லை, சொன்னதைத்தானே எழுதினேன். உண்மையை எழுதினால் பாலிசி வந்துவிடும், வீடு விற்றுப்போகும், இந்த அம்மா விருப்பமில்லாமல் அந்த அறைக்கு வந்து சேர்வார். இரண்டில் எதைச் செய்தாலும் என் வேலை ஒழுங்காக முடிந்ததாகத்தான் கணக்கு.

நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. பொய் விவரம் என் கையால் போகாது, அது முதலிலேயே முடிவான விஷயம். நோயை மறைப்பது மட்டும்தான் பொய் என்று நினைக்காதீர்கள். அவரிடமும் அதைச் சொன்னேன். "அக்கா, ஒரு கம்பெனி உங்களை வேணாம்னு சொல்லிட்டா, நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முன்னாடி யாராவது மறுத்தாங்களான்னு கேப்பாங்க. இல்லாத வலிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் ஆயுசு முழுக்கப் பதில் சொல்லிக்கிட்டு இருப்பீங்க. உங்க மனசு நாளைக்கு மாறலாம். கதவைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டுறாதீங்க."

"அப்ப நான் என்ன செய்ய?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க சொல்லாம இதை அனுப்பவும் மாட்டேன்."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. ஆபரேஷன் தியேட்டரில் நின்ற மனுஷி, கணவரிடம் ஒரு வாக்கியம் சொல்வதற்கு அப்படிப் பயந்தார். நான் எழுந்து போய் மற்ற இருவரையும் உள்ளே அழைத்தேன்.

"சார், வேலை பாதியில நிக்குது. இன்சூரன்ஸ்ல சிக்கல் இல்ல. ஆனா அக்கா உங்ககிட்ட ஒண்ணு பேசணும்கறாங்க. அதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, அனுப்பறதா வேணாமான்னு."

எழுந்து போகலாம் என்று பார்த்தேன். பத்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் அங்கேயே நின்றேன்.

"எனக்கு இங்க வர விருப்பம் இல்லைங்க," என்றார்.

மாரிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. "இங்கன்னா? இந்த ஆபீசுக்கா?"

"மைசூருக்கு."

"ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்ப நான் வேணாமாம்மா உனக்கு?"

"நீ வேணும்டி. ஒன் வீட்டுல அந்த ரூம்தான் வேணாம்."

மாரிமுத்து திரும்பி என்னைத்தான் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "நாங்க இன்சூரன்ஸ் கேட்டு வந்தோம் மேடம். குடும்பத்தைப் பேச வரல," என்றார். எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கவிதா பின்னாலேயே ஓடினாள். பத்மா கடைசியாகப் போனார். அவர் மட்டும் வாசலில் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இறக்கிவைக்க முடியாத எதையோ இறக்கிவைத்தவர் மாதிரி தோள் தளர்ந்திருந்தது.

நம் மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மேடம், கைக்கு வந்த ரெண்டு பாலிசியைச் சும்மா விட்டுட்டீங்களே" என்றார். மாதக் கடைசி வேறு. அவர் கவலை அவருக்கு. எனக்கு அன்றைக்கு வருத்தம் இருந்தது உண்மை. குழப்பம் இருக்கவில்லை.

வீடு விற்பது நின்றுபோயிற்று. கவிதா பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. கடைத்தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிறகு ஒருநாள் அவளே போன் செய்தாள், குரலில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. அப்பா அம்மா வருடத்தில் சில மாதங்கள் மட்டும் வந்து இருந்துவிட்டுப் போவதாக முடிவு செய்திருக்கிறார்கள், அதற்கு என்ன எடுப்பது என்று கேட்டாள்.

"அங்கிருந்தே பயணக் காப்பீடு எடுக்கச் சொல்லு. அதுல எனக்குக் கமிஷன் ஒண்ணும் வராது, பரவால்ல. ஸ்டென்டைச் சொல்லித்தான் எடுக்கணும். பழைய இதயநோய்க்கு அவங்க தரமாட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டே வரட்டும்," என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் விஷயம் இது. பயணக் காப்பீடு திரும்பிப் போகிறவருக்கானது. போன இடத்திலேயே வாழப்போகிறவருக்கு அது உதவாது. ஹனூர்ப் பக்கத்து மஞ்சள் வியாபாரி ஒருவர் மகனோடு இருக்க வெளிநாடு போனார். பயணக் காப்பீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டிவிடலாம் என்று இங்கே இருந்த பாலிசியை நிறுத்திவிட்டார். அங்கே அதைத் தொடர்ந்து புதுப்பிக்க விடவில்லை. திரும்பி வந்தபோது இங்கே புதிதாக எடுக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. இரண்டு ஊரிலும் வெறுங்கை. அதனால் கிளம்புகிறவர்களிடம் பழைய பாலிசியை விடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்லுங்கள்.

ஈப்போக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இரண்டாவது தடவை வந்து போன பிறகு, ஊரில் மாரிமுத்துவுக்கு மறுபடியும் நெஞ்சு வலி வந்து இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே அரசு மருத்துவமனையிலேயே எல்லாம் நல்லபடியாக நடந்தது.

அதற்கு அடுத்த தடவை பத்மா அக்கா மட்டும் தனியாக நம் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். வெயிலில் நடந்தே வந்திருந்தார். சாலை தாண்டக் கற்றுக்கொண்டாயிற்று போல.

"தங்கச்சி, இப்ப எனக்கு இன்சூரன்ஸ் பார்த்துக் குடு. அவருக்கும் சேர்த்து. இங்கயே வந்துடறோம்."

நான் எழுதுகோலை எடுக்கவில்லை. "கவிதா அழுதாளா? சார் கேட்டாரா?"

"யாரும் கேக்கல. இந்தத் தடவை நான்தான் கேக்கறேன்," என்றார்.

நடந்தது இதுதான். கவிதா வீட்டுக்குப் பக்கத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. பத்மா முந்தைய தடவை வந்தபோது ஒருநாள் சும்மா எட்டிப்பார்த்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண்கள் ஒரு பாட்டியைத் திருப்பிப் படுக்கவைத்த விதத்தைப் பார்த்துப் பொறுக்காமல் உள்ளே போய்விட்டார். கன்னடம் தெரியாது. கையால் செய்து காட்டியிருக்கிறார். படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்புவது, எங்கே தலையணை வைப்பது என்று. மறுநாள் அந்தப் பெண்களே வீடு தேடி வந்து கூப்பிட்டார்களாம். இப்போது வாரத்தில் சில காலைகள் அங்கேதான். சம்பளம் இல்லை. "நான் ஊருக்குப் போனா அந்தப் பிள்ளைங்க மறந்துருதுங்க தங்கச்சி. திரும்பி வந்து பார்த்தா புண்ணு," என்றார் கோபமாக. அந்தக் கோபத்தைப் பார்த்ததும் நான் எழுதுகோலை எடுத்தேன்.

அவருக்கு இப்போது உண்மையிலேயே ரத்த அழுத்தம் வந்திருந்தது. அதைச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. பாலிசி வந்துவிட்டது.

மாரிமுத்துவுக்கு வரவில்லை. முன்பு சம்மதித்த கம்பெனியும் இரண்டாவது ஸ்டென்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் கேட்டேன். நேரில் போய் வாதாடியும் பார்த்தேன். எல்லோரும் மறுத்துவிட்டார்கள்.

அதைச் சொல்ல மூன்று பேரையும் வரச்சொன்னேன். கவிதாவால் தாங்க முடியவில்லை. "ஆன்ட்டி, அன்னைக்கே அனுப்பியிருந்தீங்கன்னா அப்பாவுக்குக் கிடைச்சிருக்கும் இல்ல? காத்திருக்கிற வருஷமும் பாதி ஓடியிருக்கும் இல்ல?"

"ஆமாம் கவிதா. கிடைச்சிருக்கும்," என்றேன்.

அது உண்மை. அதை மழுப்ப எனக்குத் தோன்றவில்லை. நம் வேலையில் சரியான முடிவுக்கும் ஒரு விலை உண்டு, சில சமயம் அதை நாம் கொடுப்பதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர் கொடுப்பார். அந்த நேரத்தில் அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடிய வேண்டும். அன்றைக்கு இருந்த அதே நிலைமை மறுபடி வந்தாலும் நான் அதையேதான் செய்வேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

பிறகு மாரிமுத்துவுக்கான ஏற்பாட்டை விளக்கினேன். ஈப்போ வீட்டை விற்க வேண்டாம், ஒரு அறையை வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்கு விடுங்கள். குடியுரிமை இருக்கும்வரை அங்கே அரசு மருத்துவம் உண்டு, இதயப் பரிசோதனைகளை வருடாவருடம் அங்கே போய்ச் செய்துகொள்ளுங்கள். இங்கே அவசரத்துக்கு எந்த மருத்துவமனை என்பதை இப்போதே முடிவு செய்து, ஒருமுறை போய் டாக்டரைப் பார்த்துக் கோப்பு திறந்துவிடுங்கள். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவையுங்கள், எதற்கும் அதைத் தொடாதீர்கள். பாலிசி இல்லை என்றால் ஏற்பாடே இல்லை என்று அர்த்தமில்லை. "இதுல ஆபத்து இருக்கு சார். இல்லன்னு நான் சொல்லமாட்டேன். வேணாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க," என்றேன்.

மாரிமுத்து மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பத்மா, நீ சொல்லு. போலாமா, இருக்கலாமா?"

பத்மா அக்கா அவசரப்படவில்லை. கவிதா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கலாம்," என்றார் பத்மா அக்கா.

மாரிமுத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு என்மேல் கோபித்துக்கொண்டு படி இறங்கிப் போன மனிதர், இப்போது என்னைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்தார்.

"விடுங்க மேடம். அத்தனை கம்பெனிக்காரனும் என்னை வேணாம்னுட்டான். இவ இருக்கலாம்னுட்டா. எனக்கு இது போதும்லா."